தையலுக்கு விட்ட கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ முழிப்பாய். காரணம் இருக்கிறது. போனில் உன் குரலைக் கேட்டதும் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறேன். போன வாரம் நீ, "அடுத்த மாசம் ஆரம்பத்துல வந்துடும்மா, எனக்கு லீவு முடியுது, ஒரு நாலு வாரம் பாப்பாவைப் பார்த்துக்கோ, அதுக்கப்புறம் காப்பகத்துல இடம் கிடைச்சிடும்" என்று கேட்டாய், என் வாய் அது பாட்டுக்குச் சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் எனக்குக் கணக்குப் பரீட்சை. நீ அதை மறந்துவிட்டாய் என்றும் சொல்ல முடியாது, நீயே சொன்னாய், "அந்த கிளாஸ் எங்க ஓடிடப் போகுது, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்று. அதற்கு நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, குட்டிம்மா, எனக்கு வலித்தது. அதைச் சொல்லவும்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு மட்டும் இல்லை, அதனால் முழுவதையும் படி, பாதியில் அழுதுகொண்டு போன் பண்ணாதே.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏறி இறங்கிப் பழுது பார்க்கிற உன் அப்பாவுக்கு வீட்டுக் குழாயைத் திருப்ப நேரமில்லை, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு அதையே ரிப்பேர் என்கிறார். எனக்கு வகுப்பு இருக்கிற நாட்களில் அவர்தான் சமையல். ஆரம்பத்தில் முட்டையை அவிப்பதற்கே எனக்கு மூன்று முறை போன் பண்ணினார், இப்போது தேறிவிட்டார், ஆனால் எல்லாவற்றிலும் மிளகைக் கொட்டுகிறார், கேட்டால் "நீ படிக்கிற பொண்ணு, தூக்கம் வரக் கூடாதுல்ல" என்று கிண்டல் வேறு. நான் கிராஃப் தாளை விரித்தால் போதும், சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் டிவியைச் சத்தமே இல்லாமல் பார்க்கிறார். படம் மட்டும் ஓடுகிறது, அதைப் பார்த்து அவரே சிரித்துக்கொள்கிறார். மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார், நீ அவருக்கு மருந்து சாப்பிட ஞாபகப்படுத்து, நான் சொன்னால் அவர் காதில் ஏறாது.

இந்தப் பரீட்சை எனக்கு என்ன என்பதை உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை, அதனால் உனக்கு அது பொழுதுபோக்காகத் தெரிந்ததில் தப்பில்லை. எங்கள் பை பட்டறைக்கு எதிரில் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறதே, அங்கே வெட்டும் வேலை சொல்லிக்கொடுக்கிற அம்மா இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களாகவே பட்டறைக்கு வந்து, நான் ரெக்ஸினை அடுக்கி வெட்டுவதை நின்று பார்த்துவிட்டுப் போய்க் கேட்டார்கள். ஒரே ஒரு விதி, பள்ளி இறுதித் தேர்வு முழுசாக முடித்திருக்க வேண்டும். மற்ற பாடமெல்லாம் போன வருடமே தேறிவிட்டேன். கணக்கில் மட்டும் கோட்டை விட்டேன், அதுவும் கடைசிப் பெரிய கேள்வியில். வருடத்துக்கு ஒரு தடவைதான் பரீட்சை, அந்த இடத்தை இந்த முடிவு வரும் வரைக்கும்தான் எனக்காக வைத்திருப்பார்கள், அதற்கு மேல் அவர்களாலும் முடியாது. வகுப்புக்கு வருவது குறைந்தாலும் ஹால் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள், ஆகையால் இடையில் உன்னிடம் வந்துவிட்டு ஓடி வந்து எழுதுகிற வழியும் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு வெட்டி வெட்டி என் முட்டி என்ன பாடு படுகிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் முட்டிக்காக மட்டும் நான் ஆசைப்படவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். ஒரு அறை நிறையப் பேர் என் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, எழுதும்போது அவ்வளவு வெட்கம் இல்லை.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் மாலையில் நாங்கள் பதினைந்து பேர் மடங்கி உட்காருகிறோம். என் பக்கத்தில் ஒரு வங்கிக் காவலாளி, முன்னால் பேருந்து நடத்துநர் ஒருவர், அவர் எப்போதும் சில்லறை எண்ணுகிற மாதிரியே விரலை மடக்கிக் கணக்குப் போடுவார். கணக்கு டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும், பேனா மூடியைக் கடித்துக் கடித்து எல்லாப் பேனாவுக்கும் ஒரே கதி. எங்களையெல்லாம் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். இந்த மூன்று மாதமாக நடப்பது நேரியல் திட்டமிடல். நீ படித்ததுதான், உனக்கு மறந்திருக்கும், ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும், கேள். கையில் இருக்கிற நேரம் இவ்வளவுதான், துணி இவ்வளவுதான், ஆள் இவ்வளவுதான் என்று ஒவ்வொன்றையும் ஒரு அசமன்பாடாக எழுத வேண்டும். இதற்கு மேல் போகக் கூடாது, இதற்குக் கீழே வரக் கூடாது என்று சொல்கிற சமாசாரம் அது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. கோட்டுக்கு எந்தப் பக்கம் நமக்குச் சொந்தம் என்று பார்த்து அந்தப் பக்கத்துக்குப் பென்சிலால் நிழல் போட வேண்டும். எல்லா நிழலும் சேர்ந்து விழுகிற இடம்தான் நம்மால் ஆகக்கூடிய இடம், அதற்குள் எங்கே நின்றால் அதிக பலன் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, குடும்பம் நடத்துகிற எல்லாரும் காலையில் எழுந்ததும் செய்வது இதைத்தானே.

புரிந்தது எல்லாம் சரி, விடை மட்டும் வரவே இல்லை. நான் எந்தக் கணக்கைப் போட்டாலும் விடை கொஞ்சம் கூடுதலாகவே வரும். ரொம்ப இல்லை, ஒன்று, ஒன்றரை. அசமன்பாடு சரி, அச்சில் குறித்த புள்ளி சரி, கூட்டல் கழித்தல் சரி, கோடுகள் வெட்டிக்கொள்கிற மூலை மட்டும் தள்ளிப் போய் நிற்கும். டீச்சர் என் கண்ணைச் சந்தேகப்பட்டு, "கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சா அக்கா" என்று கேட்டார். நானும் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது தப்பான இடம் பளிச்சென்று தெரிந்தது. போன வருடப் பரீட்சையிலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அழுகை வந்துவிட்டது, வகுப்பில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். அப்புறம் ஒரு நாள் டீச்சர் என் பக்கத்திலேயே பெஞ்சில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து, போடுங்க அக்கா, நான் சும்மா பார்க்கிறேன் என்றார். நான் இரண்டு புள்ளியையும் குறித்தேன், ஸ்கேலை வைத்தேன், கோட்டை இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, புள்ளியை இங்க வச்சிட்டு ஏன் கோட்டை வெளிய தள்ளிப் போடுறீங்க" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன், ஆமாம், கோடு புள்ளிகளை விட்டு ஒரு நூல் வெளியே தள்ளித்தான் ஓடுகிறது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. "தையலுக்கு விட்டிருக்கேன் டீச்சர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. காவலாளிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. என்ன செய்வது சொல், இத்தனை வருடமாக அளவுக்குக் குறி வைத்துவிட்டு அதற்கு வெளியே அரை இஞ்ச் தள்ளித்தானே கோடு போட்டு வெட்டுகிறேன், இல்லாவிட்டால் தைத்த பிறகு பை சின்னதாகிவிடும். என் கை என்னைக் கேட்காமலே அதைக் கணக்கிலும் செய்திருக்கிறது. டீச்சரும் சிரித்துவிட்டு, "இங்க யாரும் தைக்க வர மாட்டாங்க அக்கா, கோடுன்னா கோடுதான், மேல நிக்கலாம், தாண்ட முடியாது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் தலையிலும் தைக்காதே என்று எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறேன். பட்டறையில் ரேடியோவிடம் சொன்னேன், உனக்குத் தெரியுமே, வாயை மூடாமல் பேசுகிறாளே மூன்றாவது மெஷின்காரி, அவள் மதியம் சாப்பாட்டுக்குள் பட்டறை முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். இப்போது சூப்பர்வைசர்கூட நான் வெட்டும்போது வந்து, "இது கணக்கா, பையா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கோடு சரியானதும் அடுத்த சண்டை மூலைக்கு. எந்தக் கணக்கானாலும் அதிக பலன் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும், நடுவில் தேடாதீர்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பையில் முதலில் கிழிவது மூலைதான், அதனால் நாங்கள் எல்லா மூலையையும் ஒரு டப்பா மூடியை வைத்து வளைத்துத்தான் வெட்டுவோம், மூலையை நம்பி எதையும் வைக்க மாட்டோம். அதுவும் போக எனக்கு எதையும் பாதிப் பாதி செய்துதான் பழக்கம். சொந்தமாக ஒரு கணக்கு எழுதி வரச் சொன்னார்கள், நான் எங்கள் பட்டறையையே எழுதினேன். ஒரு நாளைக்கு வெட்டும் மேசையில் சின்னப் பை மட்டும் என்றால் எண்பது வெட்டலாம், பெரிய பை ஒன்றுக்கு இரண்டு சின்னப் பையின் நேரம் பிடிக்கும். மெஷின்களில் எது வந்தாலும் ஐம்பதுக்கு மேல் தைக்க முடியாது. பெரியதுக்கு மூன்று பங்கு லாபம், சின்னதுக்கு இரண்டு பங்கு. நாங்கள் எப்போதும் செய்கிற மாதிரி இருபத்தைந்து பெரியது, இருபத்தைந்து சின்னது என்று போட்டேன், நூற்றிருபத்தைந்து பங்கு வந்தது. டீச்சர் லாபத்துக்கு ஒரு கோடு போட்டு அதன்மேல் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போகச் சொன்னார். தள்ளினேன். நிழல் போட்ட இடம் முழுவதையும் தாண்டிக்கொண்டே போய், கடைசியாக ஸ்கேல் தொட்டுக்கொண்டு நின்ற இடம் அந்த மூலைதான். முப்பது பெரியது, இருபது சின்னது, நூற்றிமுப்பது. இரண்டு கோட்டிலும் பொட்டு இடம் மிச்சம் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் இரும்பு ஸ்கேலை எடுத்து அதையே நாலு தரம் தள்ளிப் பார்த்தேன், நாலு தரமும் அங்கேயேதான் நின்றது. உன் அப்பா, என்ன தேடுறே என்றார். கிடைச்சிடுச்சு, போங்க என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் ரேடியோ விடாமல் இழுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் தாளைக் காட்ட வைத்தாள். அவரும் நல்லாத்தான் இருக்கு, நாளைக்கே செய்யலாம் என்றார். அந்த வாரம் முழுவதும் ஜிப் வந்து சேரவே இல்லை, பெரியதும் தைக்கவில்லை, சின்னதும் தைக்கவில்லை, எல்லாரும் உட்கார்ந்து பழைய வாரைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஜிப்புக்கும் ஒரு கோடு போட்டிருக்கணும் என்று ரேடியோ இன்னும் என்னைக் குத்திக் காட்டுகிறாள்.

இந்தச் சமயத்தில்தான் உன் போன். இரண்டு நாள் என்னால் ஒரு கணக்கும் போட முடியவில்லை. வராமல் இருந்தால் என்ன அம்மா நான் என்று ஒரு பக்கம், போனால் இந்த வயதில் இன்னொரு தடவை யார் என்னைத் தேடி வந்து கேட்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கம். பாப்பாவின் காலைப் பிடித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா என்ன, நீ அனுப்பிய படத்தில் அவள் கொட்டாவி விடுவதைப் பட்டறையில் காட்டாத ஆள் பாக்கி இல்லை. சரி, அழுது ஆகப் போவது என்ன, கணக்காகவே போட்டுப் பார்ப்போம் என்று மூன்றாம் நாள் தாளை எடுத்தேன். நான் இங்கே இருக்கிற வாரங்களைக் குறுக்கே வைத்தேன், அங்கே இருக்கிற வாரங்களை மேலே. பரீட்சை முடிய ஆறு வாரம், ஆகவே இரண்டும் சேர்ந்து ஆறுக்கு மேல் போகக் கூடாது. வகுப்பும் பரீட்சையும் இருப்பதால் இங்கே ஆறுக்குக் குறையக் கூடாது. உன்னிடம் நாலுக்குக் குறையக் கூடாது. மூன்று கோடும் போட்டு நிழலும் போட்டேன். மூன்று நிழலும் ஒன்றாக விழுகிற இடம் தாளில் எங்குமே இல்லை. பென்சிலைச் சீவிச் சீவிப் போட்டுப் பார்த்தேன், இல்லை.

டீச்சரிடம் அதை எடுத்துக்கொண்டு போய், தெரிஞ்சவங்க வீட்டுக் கணக்கு என்று சொல்லிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கீங்க அக்கா, சில கணக்குக்குத் தீர்வு இல்லைங்கறதுதான் விடை, அப்படி எழுதினாலும் முழு மார்க் குடுப்பாங்க" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல, பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பரீட்சைன்னா கேள்வியில இருக்கறதை மாத்த முடியாது. வீட்டுக் கணக்குன்னா மாத்தலாமே. எந்தக் கோட்டை யார் போட்டாங்கன்னு உங்க தெரிஞ்சவங்களை ஒருவாட்டி கேட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். தெரிஞ்சவங்க யார் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. பேருந்தில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஆறு வாரம் என்பது காலண்டர் போட்டது, அதை யாரும் அசைக்க முடியாது. வகுப்பு அவர்கள் போட்டது. அந்த நாலு வாரம் யார் போட்டது. பாப்பாவை வெளியாளிடம் விடக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும், அது நியாயம். ஆனால் வீட்டு ஆள் என்ற இடத்தில் அம்மா என்று எழுதியது யார். நீ எழுதினாய், நானும் திருப்பிக் கேட்காமல் அப்படியே கோடு போட்டுவிட்டேன். அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரே என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை பார்.

கோபித்துக்கொள்ளாதே, மறுநாள் நான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன், அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்துப் பண்ணினேன். நானாக அவருக்குத் தனியாகப் பண்ணியதே இல்லையா, எடுத்ததும் பதறிப்போய், "அத்தை, மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். மாமா நல்லாத்தான் இருக்கார், சமைச்சுக்கிட்டிருக்கார் என்றேன், அதைக் கேட்டு இன்னும் பதறினார். விஷயத்தைச் சொல்லி, உங்களுக்கு லீவு ஏதும் கிடைக்காதா என்று கேட்டேன். "என்னை யாரும் கேக்கலையே அத்தை" என்றார். பாப்பா பிறந்ததற்கு அவருக்குக் கொடுத்த லீவில் ஒரு வாரம்தான் எடுத்தாராம், மூன்று வாரம் அப்படியே கிடக்கிறதாம், சொந்த லீவில் ஒரு வாரம் சேர்த்தால் நாலு வாரம் ஆகிறது. முன்கூட்டிச் சொன்னால் ஆபீஸில் ஒத்துக்கொள்வார்களாம், அன்று சாயங்காலமே கேட்டு உறுதி பண்ணிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாக, "ஆனா அவ விடுவாளா அத்தை, நான் டயப்பர் மாத்தினா பின்னாடியே வந்து பிரிச்சுப் பார்த்துட்டு மறுபடி மாத்துறா" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நீங்களே சொல்லிடுங்க அத்தை என்று விட்டுவிட்டார் என்று நினைக்காதே, உன்னிடம் அவர்தான் பேசுவதாகச் சொன்னார், நான்தான் இந்தக் கடிதம் போய்ச் சேரும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அம்மா சொல்வதைக் கேள். அடுத்த மாத ஆரம்பத்தில் நான் வரவில்லை. உன்னிடம் நான் இப்படி முடியாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை, இருந்தாலும் எழுதிவிட்டேன். அந்த நாலு வாரமும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். டயப்பரைக் கோணலாகக் கட்டுவார், கட்டட்டும், பாப்பாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சட்டையைத் திருப்பிப் போடுவார், அதற்கும் ஒன்றும் ஆகாது. நீ ஆபீஸிலிருந்து மணிக்கொரு தரம் போன் பண்ணி அவரை விரட்டாதே, அவருக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடட்டும், மதிய இடைவேளையில் நான் இருப்பேன், ரேடியோவும் இருப்பாள், அவளிடம் மாட்டினால் மனிதர் தானாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொள்வார். குளிப்பாட்டும்போது முதலில் தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்க்கச் சொல், அது ஒன்றுதான் முக்கியம், மற்றது எல்லாம் பழகினால் வரும். பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டாமல் படுக்க வைக்கக் கூடாது. நீயும் வேலைக்குப் போகிற முதல் வாரம் வீட்டுக்கு வந்து வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று இறங்காதே, கிடக்கிறது கிடக்கட்டும், வந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்.

பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் நான் விமானம் ஏறுகிறேன், உன் அப்பா டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். முடிவு வரும் வரை இரண்டு மாதம் உன்னோடுதான். பாப்பா காப்பகத்துக்குப் போகப் பழகுகிற நேரத்தில் நான் கூட இருப்பேன், காலையில் விட்டுவிட்டு மதியமே போய் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்கு என்று ஒரு சின்னப் பை வெட்டி வைத்திருக்கிறேன், மிச்சமான நீலக் கான்வாஸில், ரேடியோ தைத்துக் கொடுத்தாள். தேறிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், குட்டிம்மா. போன வாரம் டீச்சர் வைத்த மாதிரித் தேர்வில் பெரிய கேள்வி முழுசாகச் சரி, சிவப்பு மை படாமல் திரும்பி வந்தது, அதை உன் அப்பா குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி மானத்தை வாங்குகிறார். தேறாவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டால் எனக்கு இப்போது பதில் தெரியாது, அதை அப்போது பார்த்துக்கொள்வேன். ஆனால் எழுதாமல் விட்டேன் என்றால் அதை என்னால் தாங்க முடியாது, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும், அப்படி ஒரு எண்ணத்தை உனக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பாப்பாவைக் கொஞ்ச எனக்கு விருப்பமில்லை.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து, நோய் நொடி இல்லாமல், கைநிறைய வேலையும் வயிறாரச் சாப்பாடும் கண்ணாரத் தூக்கமுமாக நீண்ட நாள் இருக்க வேண்டும். தூக்கத்தைப் பாப்பா கொஞ்ச நாள் தர மாட்டாள், மற்றதெல்லாம் உங்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்க வேண்டும். பாப்பாவுக்கு என் முத்தம், நெற்றியில் ஒன்று, இரண்டு உள்ளங்காலிலும் ஒவ்வொன்று. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், கூடவே மிளகு போட்ட சமையலைப் பற்றி நான் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார்.

இன்னும் ஒன்றே ஒன்று, இதை மறக்காதே. பரீட்சை அன்று காலையில் நான் கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. அங்கே அப்போது என்ன நேரமோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, பண்ணு. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் பாப்பா பால் குடித்தாளா என்று கேட்க மாட்டேன், நீயும் வீட்டு விஷயம் எதுவும் சொல்லாதே. நல்லா படிச்சிருக்கியாம்மா என்று மட்டும் கேள். உன் பள்ளிக்கூட நாளெல்லாம் உன்னை நான் அப்படிக் கேட்டேன், என்னிடம் ஒருவர் அதைக் கேட்டு நான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நீ கூப்பிடுவாய் என்று காத்திருக்கும்
உன் அம்மா